டிட்லிவிக்கி வடிகட்டிகளில் எண் ஒப்பீடு: ஒரு திறனாய்வு

ஆய்வுக் குறிப்புகளை அட்டைகளில் எழுதித் தொகுத்த மரபு இன்று பெரும்பாலும் கணினிக்கு மாறியுள்ளது. அவ்வகையில் தமிழாய்வாளர்க்கும் பயன்படத்தக்க தனிநபர் விக்கி மென்பொருள்களுள் ஒன்று, ஜெரமி ரஸ்டன் 2004-இல் வெளியிட்ட டிட்லிவிக்கி. குறிப்புகள் அனைத்தையும் ஒரே கோப்பில் அடக்கும் இம்மென்பொருளில், ஒவ்வொரு குறிப்புக்கும் நாம் விரும்பும் புலங்களை அமைக்கலாம். வடிகட்டிகளின் துணையால் வேண்டியவற்றைப் பிரித்தெடுக்கலாம். அவ்வடிகட்டிகள் எண்களை ஒப்பிடும் முறையை இங்கு நாம் ஆராய முற்படுகிறோம்.

சங்கப் பாடல் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு அமைத்து, அடியளவை ஒரு புலத்தில் இடுவதாகக் கொள்வோம். அப்புலத்தில் உள்ளது பார்வைக்கு எண்ணாயினும், மென்பொருளுக்கு எழுத்துச் சரமே. சரமாக ஒப்பிடின் முதல் இலக்கமே முடிவைத் தீர்மானிக்கும்; 13 முதல் 31 அடி வரை அமைந்த அகநானூற்றுப் பாடல்கள் யாவும் 9 அடிக்குக் குறைந்தனவாகிவிடும். இதனைத் தவிர்க்க உதவுவது 'கம்பேர்' என்னும் செயலி. எண், முழுவெண், சரம், நாள், பதிப்பு என்பனவற்றுள் எவ்வகையாக ஒப்பிடுவது, சமமா பெரிதா சிறிதா என எம்முறையில் ஒப்பிடுவது என்பவற்றை நாமே குறிக்க அது இடந்தருகிறது. எண் வகையைத் தேர்ந்து, குறுந்தொகையில் 8 அடிக்கு மிக்க பாடல்களைக் கேட்டால், 4 முதல் 8 அடி என்னும் வரையறையைக் கடந்து 9 அடி பெற்ற 307, 391 ஆகிய இரு பாடல்களும் செம்மையாகக் கிடைக்கும்.

எனினும், இச்செயலியின் ஒரு கூறு நம் கவனத்திற்குரியது. எண்ணாக வாசிக்க இயலாத மதிப்பு எதுவாயினும் அது சுழியமாகவே கொள்ளப்படுகிறது. புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவற்றின் அடியளவுப் புலத்தில் 'கிடைக்கவில்லை' என நாம் எழுதிவைத்தால், 5 அடிக்குக் குறைந்த பாடல்களைத் தேடும்போது அவ்விரண்டும் பட்டியலில் இடம்பெறும். மறைந்த பாடல் குறும்பாடலாக உருமாறுகிறது. ௩௧ எனத் தமிழ் எண்ணில் எழுதினும் விளைவு அதுவே. 1,330 எனக் காற்புள்ளியிட்டு எழுதினால், காற்புள்ளிக்கு முன்னுள்ள 1 மட்டுமே கணக்கில் கொள்ளப்படும்.

வடிகட்டி இடையில் தடைபடாது இயங்குவதற்கு இவ்விதி உதவுகிறது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயின் பிழைச் செய்தி எதுவும் தோன்றாமையால், தவறான பட்டியலும் சரியான பட்டியலைப் போன்றே காட்சியளிக்கிறது. இன்மை வேறு, சுழியம் வேறு. மூலபாட ஆய்வில் இவ்வேறுபாடு அடிப்படையானது.

ஆகவே, எண்ணுக்குரிய புலத்தில் 0 முதல் 9 வரையிலான இலக்கங்களை மட்டும் இடுதலும், பாடலின் கிடைப்பு நிலையைத் தனிப்புலத்தில் குறித்தலும், 'ரெஜெக்ஸ்ப்' செயலியால் இலக்கங்கள் மட்டுமே கொண்ட மதிப்புகளை முதலில் பிரித்தெடுத்துப் பின்னரே ஒப்பிடுதலும் இன்றியமையாதன. கருவி விரைவைத் தருகிறது. எண்ணுவதற்குரியது எது, உரியதல்லாதது எது எனத் தெளியும் பொறுப்பு ஆய்வாளராகிய நம்மையே சாரும்.