இசட் விசையை அழுத்துங்கள்

எங்கள் பிள்ளையார்பாளையத்துப் பையன்கள் கையில் எந்நேரமும் ஒரு துப்பாக்கிச் சண்டை ஓடிக்கொண்டிருக்கும், போனில்தான். அவர்களை உட்காரவைத்து எலீட் டேஞ்சரஸ் ஆடக் கொடுத்தால் பத்தாவது நிமிடம் "என்னண்ணா, ஒண்ணுமே நடக்கல" என்று எழுந்துவிடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்திலேயே இருக்கும் கைலாசநாதர் கோயிலுக்குள் நுழைந்து ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, "சின்னக் கோயில்தான்" என்று வெளியே வருகிறவர்களைக் கண்டால் வரும் அதே எரிச்சல்.

அடிப்படையை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். 2014 டிசம்பரில் கேம்பிரிட்ஜின் ஃபிரான்டியர் டெவலப்மென்ட்ஸ் வெளியிட்ட ஆட்டம். நம் பால்வீதி முழுவதும், 40,000 கோடி விண்மீன் மண்டலங்களோடு, உள்ளே இருக்கிறது. கையில் சைட்விண்டர் என்ற சின்னக் கப்பலைக் கொடுத்துப் போகச் சொல்லிவிடுவார்கள். சரக்கு ஏற்றலாம், தலைக்கு விலை வைத்தவனை வேட்டையாடலாம், சும்மாவும் சுற்றலாம். சண்டையில் ஆறு புள்ளி மின்சக்தியைக் கவசம், எஞ்சின், ஆயுதம் மூன்றுக்கும் பிரிக்க வேண்டும். ஒன்றுக்கு நாலு புள்ளிதான் உச்சம். அடி விழுந்தால் கவசத்துக்கு, துரத்தினால் எஞ்சினுக்கு. வேகமானியில் நீலப் பட்டைக்குள் முள்ளை வைத்தால் கப்பல் சட்டென்று திரும்பும். போதும், மற்றது கை பழகப் பழக வரும்.

இதன் அண்ணன் 1984-ல் பிறந்த எலீட். டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் 32 கிலோபைட் நினைவகமுள்ள பிபிசி மைக்ரோவில் எட்டு விண்மீன் திரள்களை, திரளுக்கு 256 கோள் வீதம், அடைத்தார்கள். நம் நாட்டுப் பள்ளிகளுக்குக் கணினி கொண்டுவந்த 'கிளாஸ்' திட்டத்தில் வந்ததும் அதே பிபிசி மைக்ரோதான். ஆகவே வெள்ளைக்காரன் விளையாட்டு என்று ஒதுக்காதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விண்வெளிச் சண்டை என்று விற்கிறவற்றில் பெரும்பாலானவை விமானச் சண்டைகள். பின்னால் ஒரு கறுப்புத் துணியைக் கட்டி நட்சத்திரம் தெளித்திருப்பார்கள், அவ்வளவுதான். மூக்கு திரும்பிய பக்கம் கப்பல் போகிறது; விசையை விட்டால் நின்றுவிடுகிறது. காற்றே இல்லாத இடத்தில் அதை எது ஐயா நிறுத்துகிறது? ஸ்டார் வார்ஸ் படக்காரர்கள் இரண்டாம் உலகப்போர் விமானச் சண்டைகளைப் பார்த்துத் தங்கள் காட்சிகளை அமைத்தார்கள். அன்று பிடித்த நோய் இது. ஆனால் 1962-லேயே, எம்.ஐ.டி.யில் பிடிபி-1 கணினியில் எழுதிய ஸ்பேஸ்வார் ஆட்டத்தில், ஒருமுறை உந்தினால் போய்க்கொண்டே இருக்கும் கப்பல் இருந்தது. நடுவில் ஒரு நட்சத்திரம் அதை இழுக்கவும் செய்யும்.

எங்கள் வீட்டில் கோர்வைப் புடவை நெய்வார்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், மூன்று நாடா. கரைப் பக்கம் நாடா வாங்கிக் கொடுக்கும் கையாளாகப் பத்து வயதில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கையை விட்டுப் போன நாடாவிடம் கெஞ்ச முடியாது. எறியும்போதே எங்கே போய் நிற்கும் என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். எலீட் டேஞ்சரஸில் இசட் விசையை அழுத்தி, கப்பலைத் தானே அடக்கிப் பிடிக்கும் பறத்தல் உதவியை நிறுத்துங்கள்: கப்பல் நாடாவாகிவிடும். உந்திய திசையிலேயே போகும். திருப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கும்; நிறுத்த எதிர்ப்பக்கம் அதே அளவு தள்ள வேண்டும். முதல் வாரம் வாந்தி வரும். இரண்டாம் வாரம் ஒருவன் பின்னால் துரத்துவான். நீங்கள் உந்திவிட்டு, உதவியை நிறுத்தி, மூக்கை மட்டும் அவன் பக்கம் திருப்புவீர்கள். கப்பல் முன்னே போகிறது, நீங்கள் பின்னோக்கி அவன் முகத்தில் சுட்டுக்கொண்டே போகிறீர்கள். அந்த ஒரு நொடிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நாலு மணி நேரம் ஆடிவிட்டு "விண்வெளி லாரி" என்று நக்கலடிக்கும் யூடியூப் விமர்சகர்கள் அந்த விசையைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். இன்னொரு கூட்டம், உச்சவேகத்துக்கு வரம்பு வைத்திருப்பதால் இது உண்மையான நியூட்டன் இயற்பியல் இல்லை என்று மூக்கைச் சிந்தும். வரம்பே இல்லாமல் 1993-ல் ஃபிரான்டியர்: எலீட் 2 வந்தது. இரண்டு கப்பலும் ஒன்றையொன்று மின்னலாய்க் கடந்து, திரும்பி வந்து, மறுபடி கடந்து... அது சண்டையா, பஸ் நிலையமா?

கண்ணாடி உடைகிற கட்டத்தையும் தவறவிடாதீர்கள். குண்டு பட்டு முன்கண்ணாடி சிதறினால் அதுவரை காதைப் பிளந்த சத்தம் அப்படியே அமுங்கிவிடும். உங்கள் மூச்சு மட்டும் கேட்கும். மலிவான கருவி மாட்டியிருந்தால் ஐந்து நிமிடப் பிராணவாயு. அதற்குள் ஏதாவது ஒரு நிலையத்தின் வாசலுக்குள் நுழைந்தாக வேண்டும்.

உங்களிடம் சொல்வதற்கு என்ன, குறைகளும் ஏராளம். கப்பலைக் கூர்தீட்டப் பொருள் பொறுக்கிப் பொறுக்கி விரல் தேய்ந்துவிடும். 2021-ல் வந்த ஒடிஸி, கப்பலை விட்டு இறங்கி நடக்க விடுகிறேன் என்று வந்து, வெளியான புதிதில் தடுக்கித் தடுக்கி விழுந்தது. ஆல்பா சென்டாரியில் ஹட்டன் ஆர்பிட்டல் என்றொரு நிலையம் 0.22 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. சாதாரண எஞ்சினில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நேர்க்கோட்டில் போக வேண்டும். நான் போனேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, தனியாக ஆடினாலும் இணையம் வேண்டும். போன ஐப்பசி மழையில், மூன்று நாள் துரத்திய ஒருவனின் கவசம் கரைந்து, இன்னும் ஒரு குண்டுதான் பாக்கி என்றபோது தெருமுனைக் கேபிள் அறுந்தது. வீட்டில் அன்று என்னிடம் யாரும் பேசவில்லை.

இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள். ஜாய்ஸ்டிக் ஒன்றுதான் இருக்கிறது. முதல் ஆட்டம் நான்.