சிற்றுருவப் போரும் சித்திரப் போரும்

போரைப் பொருளாகக் கொண்ட கலைகளுள் மேசைப் போர் விளையாட்டையும் ஒன்றாக எண்ணத் தகும். விரலளவே உயரமுள்ள உலோக வீரர்களுக்கு வண்ணந்தீட்டி, மேசைமீது நிலம் அமைத்து, அளவுகோலால் நடையை அளந்து, பகடை உருட்டித் தாக்குதலின் பயனை அறிவது அதன் முறை. 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் படைப்பயிற்சிக்காக வகுத்தளித்த விளையாட்டும், 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைப் படைகளுக்கென வெளியிட்ட விதிநூலும் இதன் முன்னோடிகள். பொழுதுபோக்கு என்று ஒதுக்காமல், வரலாற்றை எடுத்துரைக்கும் வடிவமாகவே கொண்டு இதனை மதிப்பிடுதல் வேண்டும். அதற்குத் தென்னமெரிக்காவின் குருபைத்திப் போர் தக்க உரைகல்லாகும்.

பராகுவே ஒருபுறமும் பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே ஆகிய மூன்று நாடுகள் மறுபுறமுமாக 1864 முதல் 1870 வரை பொருதன. அப்பெரும்போரில் 1866 செப்டம்பர் 22 அன்று, பராகுவே ஆற்றங்கரையிலிருந்த அகழியரணை ஏறத்தாழ 20,000 பேர் கொண்ட கூட்டணிப் படை தாக்கியது. தலைமை தாங்கியவர் அர்ஜென்டினக் குடியரசுத் தலைவர் மித்ரே. அரணைக் காத்தவர் தளபதி தியாஸ். அவரிடம் இருந்தோர் சுமார் 5,000 பேர். போர்க்கப்பல்கள் காலை முதல் குண்டு பொழிந்தும், உயர்ந்த கரைக்கு மேலிருந்த அரண் பெரிதும் சேதமின்றி நின்றது. நண்பகலில் ஏணிகளையும் சுள்ளிக் கட்டுகளையும் சுமந்து சேற்றில் முன்னேறிய வீரர்கள், முள்மரத் தடைகளின் முன் பீரங்கிக்கு இரையாயினர். கூட்டணியில் இறந்தோரும் காயமுற்றோரும் ஏறத்தாழ 4,000. காத்து நின்றோர் இழப்போ நூறு பேர் அளவினதே.

இதனை மேசைக்குக் கொண்டுவரும்போது முதலில் எழுவது அளவுச் சிக்கல். ஓர் உருவம் ஐம்பது வீரர்களைக் குறிப்பதாகக் கொண்டால், தாக்குவோருக்கு 400 உருவங்களும் காப்போருக்கு 100 உருவங்களும் வேண்டும். ஆட்ட முடிவில் ஒரு பக்கத்தில் 80 உருவங்கள் அகற்றப்படும், மறுபக்கத்தில் இரண்டு. இந்த எண்பதும் இரண்டும் எந்த விளக்கவுரையினும் தெளிவாக அப்போரை உணர்த்திவிடுகின்றன. காரண காரியத் தொடர்பைக் கண்முன் நிறுத்துவதில் இவ்வடிவத்திற்குள்ள ஆற்றல் மறுக்கத்தக்கதன்று.

எனினும் குறை இரண்டு உள. மேசையைச் சுற்றி நிற்பவர் அகழி, தடை, பீரங்கி அனைத்தையும் மேலிருந்து காண்கிறார். களத்தில் மித்ரேக்கு அக்காட்சி இல்லை. அறியாமையால் நேர்ந்த அழிவை, அனைத்தும் அறிந்தவர் மீண்டும் நிகழ்த்துவது பொய்யாகும். அடுத்து, விளையாட்டு சமவாய்ப்பை வேண்டுகிறது. இப்போரிலோ சமவாய்ப்பே இல்லை. ஆட்டம் சுவைக்கும் பொருட்டு அகழியின் வலிமையைக் குறைப்பவர், போரையே மாற்றிவிடுகிறார்.

இவற்றுக்குத் தீர்வு இல்லாமல் இல்லை. பழைய பிரஷ்ய விளையாட்டில் நடுவர் ஒருவர் இருந்து, ஒவ்வொரு பக்கத்தாரும் அறியக்கூடியதை மட்டுமே அவர்களுக்கு அறிவித்தார். அம்முறையைக் கைக்கொண்டு அகழியை மறைத்துவைத்தல் நன்று. வெற்றி என்பதற்கும் வேறு பொருள் தரலாம்: அரணைப் பிடிப்பதன்று, பயனற்ற தாக்குதலை உரிய வேளையில் நிறுத்திப் படையைக் காப்பதே தாக்குவோர் வெற்றி என விதிக்கலாம். அப்போது ஆட்டம் மித்ரேயின் உண்மையான நெருக்கடியைத் தொடும்.

இவ்விடத்தில் அர்ஜென்டின ஓவியர் கான்டிடோ லோபஸ் ஒப்புநோக்கத் தக்கவர். குருபைத்தியில் போரிட்டு வலக்கையை இழந்த இவர், இடக்கையைப் பழக்கித் தாம் கண்ட களங்களை ஓவியமாக்கினார். நீண்டகன்ற திரையில், உயரத்திலிருந்து காண்பதுபோல், நூற்றுக்கணக்கான சிற்றுருவங்களை அவர் தீட்டினார். தோற்றத்தில் அது போர் விளையாட்டு மேசையையே ஒக்கும். ஆயின் வேறுபாடு பெரிது. போருக்குப் பிந்திய குருபைத்தியைத் தீட்டிய ஓவியத்தில், மாண்டோர் உடைகளைப் பராகுவே வீரர்கள் களைந்தெடுக்கும் காட்சி இடம்பெறுகிறது. மேசையில் வீழ்ந்த உருவம் உடனே பெட்டிக்குள் போய்விடுகிறது. ஓவியத்தில் அது வீழ்ந்த இடத்திலேயே கிடக்கிறது.

புறப்பொருள் மரபில் அரணை வளைத்தல் உழிஞை, காத்தல் நொச்சி, வெல்லுதல் வாகை. இறந்தோர்க்கு இரங்கும் கையறுநிலையும் அம்மரபின் துறையே. மேசைப் போரில் முன்னைய மூன்றும் உண்டு, கையறுநிலை இல்லை. ஆகவே வகுப்பறையில் இதனைப் பயன்படுத்தும் ஆசிரியர், அகற்றிய எண்பது உருவங்களையும் பெட்டியில் இடாது மேசையிலேயே கிடத்திவைத்து, ஒவ்வொன்றும் ஐம்பது மனிதர் என மாணவரை எண்ணச் செய்தல் வேண்டும். அவ்வெண்ணிக்கை முடியும்வரை குருபைத்திப் பாடம் முடிந்ததாகாது.