விளிம்புக்கு நாலு விரல் முன்

நான் இங்கே எழுதும் வன்னி ஓவியர் பயந்து ஆடுகிறார் என்று சொல்பவர்களின் தொகை கூடிக்கொண்டே போகிறது. முன்பு மனிதரை வரைந்தவர் இப்போது சதுரமும் முக்கோணமும் மட்டும் போடுகிறார், வன்னியில் இருந்துகொண்டே வன்னியைச் சொல்லாமல் நழுவுகிறார் என்பது குற்றச்சாட்டு. தகரத்தை வெட்டத் தொடங்கியதும் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: ஓவியம் சலித்துச் சிற்பத்துக்குத் தாவிவிட்டாராம். இரண்டையும் மறுக்கிறேன். தகரத்துக்குப் போகும் முடிவை அவர் கன்வஸில் வைத்தே எடுத்துவிட்டார்.

அவருடைய அண்மைய கன்வஸ்களில் கோடு நிற்கும் இடத்தைப் பாருங்கள். கறுப்புக் கோடு நேராக வந்து, விளிம்புக்கு நாலு விரல் முன் நின்றுவிடுகிறது. ஆரம்பகாலக் கட்டங்களில் எல்லாக் கோடும் விளிம்பைத் தொட்டது. தொட்டால் கண் கோட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். சுவருக்கு அப்பாலும் அந்தக் கட்டம் நீள்கிறது, நாம் பார்ப்பது அதில் வெட்டிய ஒரு துண்டு என்று மனம் எடுத்துக்கொள்ளும். முன்னமே நின்றால் கண்ணுக்குப் போக வழியில்லை. திரும்பி உள்ளே வருகிறது, பரப்பின் பாரத்தை உணர்கிறது. எதையோ காட்டும் யன்னலாக இருந்தது, ஓரமும் எடையும் உள்ள பொருளாகச் சுவரில் நிற்கத் தொடங்குகிறது. சிற்பம் அங்கேயே ஆரம்பமாகிவிட்டது. தகரம் பின்னால் வந்த சாமான்தான்.

கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. கோட்டுக்கு ஒரு காலடி முன் நின்று, மறிப்பவரை முதலில் அசைய வைப்பவர்தான் தட்டைத் தாண்டுகிறார். அந்த நிற்பைப் பயம் என்று சொன்னவர் எங்கள் ஊரில் இல்லை.

ஒல்லாந்து ஓவியர் மொண்ட்ரியன் இதே இடத்தில் நின்றிருக்கிறார். மரங்களைத் திரும்பத் திரும்ப வரைந்து, கிளைகளைக் கோடுகளாக்கி, 1920, 1921 அளவில் கட்டங்களுக்கு வந்து சேர்ந்தபோது பல கோடுகளை விளிம்புக்குச் சற்று முன் நிறுத்தினார். பிறகு விளிம்புவரை ஓடவிட்டார். நம்மவர் எதிர்த்திசையில் போகிறார்: தொட்டுக்கொண்டிருந்ததை நிறுத்துகிறார். ஆகவே மொண்ட்ரியனைப் பார்த்து வரைந்தது என்ற பேச்சும் எடுபடாது.

வன்னியைச் சொல்லவில்லை என்பவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். நேர்கோடு வன்னிக்கு எப்போது வெளியூர்ச் சரக்கானது? இரணைமடுவுக்குக் கீழே வயல் வரம்பும் வாய்க்காலும், குடியேற்றத் திட்டங்களில் அளந்து பிரித்த காணிகள், மெனிக் பாம் அகதி முகாமில் வரிசை வரிசையாக நின்ற தறப்பாள்கள், கண்ணிவெடி அகற்றியவர்கள் நட்ட சிவப்புத் தலைத் தடிகள். 2009இல் போர் முடிந்த பிறகு ஊர் திரும்பிய சனம் அந்தத் தடிகளைப் பார்த்துத்தான் காலை வைத்தது. கோடு எங்கே நிற்கிறது என்று வாசிக்கத் தெரியாமல் இங்கே ஒருவரும் விறகுக்குப் போகவில்லை. இதற்காக அவருடைய சிவப்பை வெடித்தடி என்றும், பச்சையை வயல் என்றும் பெயரிடத் தொடங்கிவிடாதீர்கள். அவர் அதைத்தான் தவிர்க்கிறார்.

ஏன் தவிர்க்கிறார் என்று அறிய ஏ-9 வீதியில் போனால் போதும். கிளிநொச்சி நகரில் நிற்கும் போர் வெற்றிச் சின்னமான கொங்கிரீட் பாளமும் ஒரு வடிவியல் சிற்பந்தான். ஆனால் அதில் துளைத்த குண்டும், வெடிப்பும், மேலே தாமரையும் வைத்து, நாம் என்ன நினைக்கவேண்டும் என்பதை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். பார்ப்பவருக்கு மிச்சம் எதுவுமில்லை. அதைத் தினமும் கடந்து போகும் ஒருவர், சொல்லி முடிக்காத ஒரு வடிவத்தைத் தேடுவது நழுவலா? என் கண்ணில் இந்த மண்ணில் இப்போது நடக்கும் மிகத் துணிந்த வேலை அது.

இனி எங்கே போவார்? சோழமண்டலத்தைப் பார்த்தால் ஒரு வழி தெரிகிறது. கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் சென்னைக்கு வெளியே அமைத்த அந்தக் கலைக் கிராமத்தில் ஜானகிராமும் நந்தகோபாலும் உலோகத் தகட்டைத் தட்டியும் ஒட்டியும், முன்னால் நின்று பார்க்கும் சிற்பங்களைச் செய்தார்கள். அவை வரைகோட்டின் உறவை விடவில்லை. அதே கிராமத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான விசுவநாதன் 1968இல் பாரிசுக்குப் போய், முக்கோணமும் சதுரமுமாகக் கன்வஸிலேயே ஆழ்ந்துவிட்டார். இரண்டும் பெரிய வழிகள். நம்மவர் இரண்டிலும் தங்கமாட்டார் என்பது என் கணிப்பு.

சுவரில் மாட்டும் தகரத் துண்டுகள் இன்னும் இரண்டு மூன்று தொடர்களுக்கு மேல் ஓடாது. முதலில் நிறம் போகும், சிவப்புத்தான் முந்திப் போகும். பிறகு ஆணி போகும். நிலத்தில் வைக்கும் முதல் வேலையில் ஒரு பிழை விடுவார் என்றும் எதிர்பார்க்கிறேன்: நாலு பக்கமும் வெல்டிங் வைத்துப் பெட்டியாக மூடிவிடுவார், ஏனென்றால் சுற்றிவரப் பார்க்கும் பொருளில் விளிம்பு எது என்று உடனே பிடிபடாது. அடுத்ததில் ஒரு மூலையைத் திறந்துவிடுவார். அது இடுப்பளவுக்கு மேல் உயராது. சின்ன வேலை என்று எழுதுவார்கள். அது முதலில் கொழும்புக் காட்சியறைக்கும் போகாது. விசுவமடுப் பக்கம் ஒரு திறந்த வளவில், மாரிக்கு முன், பெயின்ற் இல்லாமல் வைக்கப்படும்.