பெர்னல் – பொலானி கருத்துமுரணும் அறிவியலின் சமூகப் பொறுப்பும்

முன்னுரை

அறிவியல் ஆய்வு எத்திசையில் செல்ல வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை அறிவியலாளர்க்கு உரியதா, சமூகத்திற்கு உரியதா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டில் கூர்மை பெற்றது. படிகவியல் அறிஞர் ஜே.டி. பெர்னல் 1939இல் வெளியிட்ட 'அறிவியலின் சமூகப் பணி' என்னும் நூல், சமூகத் தேவைக்கேற்பத் திட்டமிடப்பட்ட அறிவியலை வலியுறுத்தியது. அங்கேரியில் பிறந்த வேதியியலாளர் மைக்கேல் பொலானி இதனை மறுத்தார். அவரது வாதம் 1962இல் வெளிவந்த 'அறிவியல் குடியரசு' என்னும் கட்டுரையில் தெளிவாக இடம்பெறுகிறது. இவ்விரு நிலைப்பாடுகளின் வலிமையையும் எல்லையையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பொலானியின் வாதம்

சிதறிய படத்துண்டுகளைப் பலர் கூடிப் பொருத்தும் விளையாட்டைப் பொலானி உவமையாக்குகிறார். ஒருவர் பொருத்தியதைப் பார்த்து மற்றவர் அடுத்த துண்டைத் தேடினால் படம் விரைவில் உருப்பெறும். அனைவரும் ஒரே தலைவரின் ஆணைக்குக் காத்திருந்தால் வேலை தேங்கும். அறிவியலும் இத்தகையதே என்பது அவர் துணிபு.

அறிவியலின் பயனை முன்னறிய இயலாது என்பதற்கும் அவர் ஒரு சான்று தருகிறார். 1945 சனவரியில் பிபிசி வானொலி நிகழ்ச்சியொன்றில், சார்பியல் கோட்பாட்டின் தொழில்நுட்பப் பயன் யாது என அவரிடமும் பெர்ட்ரண்டு ரசலிடமும் வினவப்பட்டது. இருவராலும் விடை கூற இயலவில்லை. சில மாதங்களில் அணுகுண்டு வெடித்தது.

சான்றின் மறுபக்கம்

இச்சான்று பொலானி கருதியதை முழுமையாக நிறுவவில்லை. 1905இல் ஐன்ஸ்டைன் அணுகுண்டை முன்னறிந்திருக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் 1945இன் நிலை வேறு. அணுக்கருப் பிளவு 1939இன் தொடக்கத்திலேயே வெளியிடப்பட்டுவிட்டது. 1942 முதல் அமெரிக்க இராணுவத்தின் கீழ் மன்ஹாட்டன் திட்டம் இயங்கி வந்தது. வானொலியில் விடை கிடைக்காமைக்கு எதிர்காலத்தின் அறியவொண்ணாமை காரணமன்று; அறிந்தோர் பேசத் தடை இருந்தது. மேலும், பொலானியின் குடியரசில் அறிவியலாளர் மட்டுமே குடிமக்கள். ஆய்வின் விளைவைத் தாங்கிய இரோசிமா, நாகசாகி மக்களுக்கு அதில் குரல் இல்லை.

பெர்னலின் எல்லை

அறிவியல் போருக்குப் பயன்படுவதையும் பசியைப் போக்கத் தவறுவதையும் பெர்னல் முன்பே சுட்டினார். எனினும், சமூக நோக்கத்தை அறிவின் அளவுகோலாகவும் கொள்ளும் இடர் அவரது நிலைப்பாட்டில் உண்டு. சோவியத் ஒன்றியத்தில் மரபியலாளர் வவிலோவ் 1940இல் கைது செய்யப்பட்டு 1943இல் சிறையில் இறந்தார். 1948இல் லைசென்கோவின் கொள்கை அரசின் ஆதரவுடன் மரபியலை வீழ்த்தியது. அப்போதும் பெர்னல் லைசென்கோவை ஆதரித்தார். பொலானியின் எச்சரிக்கை இவ்விடத்தில் மெய்யாயிற்று.

முடிவுரை

எது உண்மை என்பதும், அவ்வுண்மை யாருக்காக என்பதும் வேறுவேறு வினாக்கள். முன்னதைச் சான்றுகளைக் கொண்டு அறிவியலாளர் தீர்மானிக்க வேண்டும். பின்னதில் சமூகத்திற்கும் உரிமை உண்டு. பொலானி பின்னதை முன்னதில் அடக்கினார். பெர்னல் முன்னதைப் பின்னதற்குப் பணிய விட்டார். மன்ஹாட்டன் திட்டத்தில் சமூகத்தால் வினவ முடியவில்லை. சோவியத் மரபியலில் அறிவியலாளரால் மறுக்க முடியவில்லை. திட்டமா, தன்னுரிமையா என்னும் முரணைவிட, திறந்த விமர்சனத்திற்கு இடம் உண்டா என்பதே அறிவியலின் சமூகப் பொறுப்பை அளக்கும் அடிப்படை வினா என்பது இம்மதிப்பீட்டால் பெறப்படுகிறது.