பெயர் திருடப்பட்ட ஊர்

ஒரு படைப்பு எங்கே இருக்கிறது என்று நாம் கேட்டுக்கொள்வதே இல்லை. புத்தகம் அலமாரியில் இருக்கிறது, ஆகவே படைப்பும் அங்கேதான் இருக்கிறது என்று ஒரு சௌகரியமான நம்பிக்கை. ஜப்பானில் 1995-லிருந்து 2000 வரை செயற்கைக்கோள் வழியாக ஒலிபரப்பாகி, பிறகு காற்றோடு போய்விட்ட சில வீடியோ விளையாட்டுகளைப் பற்றியும், அவற்றைத் தேடிச் சேர்க்கிற ரசிகர்களைப் பற்றியும் எழுதத் தோன்றியதற்கு இதுதான் காரணம். வீடியோ விளையாட்டா என்று முகம் சுளிக்கிறவர்கள் சினிமாவைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் சுளித்தார்கள். அந்தச் சர்ச்சையை மறுபடி நடத்த எனக்குப் பொறுமை இல்லை.

விஷயம் இது. நின்டெண்டோ கம்பெனி தன் சூப்பர் ஃபாமிகாம் யந்திரத்தின் அடியில் பொருத்தும்படி சாட்டலாவியூ என்று ஒரு கருவியை 1995 ஏப்ரலில் ஜப்பானில் மட்டும் வெளியிட்டது. செயின்ட் கிகா என்ற செயற்கைக்கோள் வானொலி நிலையத்தின் அலைவரிசை வழியாக விளையாட்டுகள் வந்து இறங்கும். இந்த வானொலியே ஒரு விசித்திரம். யோகோய் ஹிரோஷி என்பவரின் கற்பனையில் உருவானது. விளம்பரம் கிடையாது, அறிவிப்பாளரின் அரட்டை கிடையாது. மணிக்கணக்கைப் பின்பற்றாமல் கடலின் ஏற்ற இறக்கத்தை ஒட்டி இசையும் இயற்கையின் ஓசைகளும் மாறிக்கொண்டே போகும் நிலையம். பணம் வராமல் போனதில் ஆச்சரியம் என்ன? நின்டெண்டோ அதில் முதலீடு செய்தது. அலையின் கணக்கில் இயங்கிய வானொலி, குழந்தைகளின் பள்ளிக்கூடம் விட்ட நேரக் கணக்குக்கு இறங்கி வந்தது. இதில் ஒரு சோகம் இருக்கிறது. ஆனால் அந்த இறக்கத்திலிருந்துதான் நான் பேசப்போகிற விஷயம் பிறந்தது என்பதால் புலம்ப மனம் வரவில்லை.

கருவியை இயக்கியதும் திரையில் ஒரு சிறிய ஊர் வரும். நீங்கள் உங்களுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு, பையனாகவோ பெண்ணாகவோ அந்த ஊரின் தெருக்களில் நடக்கலாம். ஒவ்வொரு கட்டடமும் ஒரு நிகழ்ச்சிக்கான வாசல். இந்த ஊரைத் தாங்கிய கேசட்டுக்கு 'அது பெயர் திருடப்பட்ட ஊரின் கதை' என்று தலைப்பு. வெறும் நிகழ்ச்சிப் பட்டியலாக ஒரு திரையைக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். இப்படித் தலைப்பிட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. இட்டார்கள். இன்று அந்த ஊருக்குள் போனால் தெருக்கள் இருக்கின்றன, ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், வாசல்களுக்கு அப்பால் ஒன்றும் இல்லை. தலைப்பு இத்தனை நேரடியாகப் பலித்துவிடும் என்று வைத்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

இந்த ஒலிபரப்புகளில் ஒரு வகை மற்றவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறானது. செல்டா என்ற புகழ்பெற்ற விளையாட்டின் புது வடிவம் ஒன்று 1995 ஆகஸ்டில் நான்கு வாரத் தொடராக வந்தது. விளையாட்டின் படங்களும் விதிகளும் யந்திரத்துக்குள் இறங்கின. ஆனால் கதை சொல்லும் குரலும் பின்னணி இசையும் இறங்கவில்லை. அவை அந்த வேளையில், வானொலியாக, வந்துகொண்டே இருந்தன. திரையின் மேல் ஒரு கடிகாரம். குறிப்பிட்ட நிமிஷத்தில் மழை வரும். குறிப்பிட்ட நிமிஷத்தில் குரல் ஒரு ரகசியத்தைச் சொல்லும். அந்த வாரத்துக்கு உரிய குகைகள் மட்டும் திறந்திருக்கும். அந்த ஒரு மணிநேரத்தில் நாடு முழுவதும் அந்தந்த வீட்டில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் ஒரே நிமிஷத்தில் ஒரே மழை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கதாநாயகன் வழக்கமான லிங்க் அல்ல, அந்த ஊரில் நீங்கள் பெயர் வைத்துக்கொண்ட நீங்களேதான். அதாவது அத்தனை பேரும் தனித்தனியாகக் கதாநாயகர்கள், அதே சமயம் ஒரே கடிகாரத்தின் கீழ். நாடகம், ரேடியோ, நாவல் மூன்றும் தனித்தனியாகத் தரமுடியாத ஒரு அனுபவத் தளம் இது. சில தடவை மறு ஒலிபரப்பும் நடந்தது. 1997-ல் 'புராதனக் கற்பலகைகள்' என்று இன்னொரு செல்டா இதே முறையில் வந்தது. பிறகு நின்டெண்டோ விலகிக்கொண்டது; 2000 ஜூன் 30-ல் எல்லாம் நின்றது.

மிஞ்சியது என்ன? 8 மெகாபிட் கொள்ளளவு உள்ள மெமரி பேக் என்ற சிறிய பிளாஸ்டிக் சில்லு. அடுத்த வாரம் வேறொன்றை இறக்கினால் முந்தையது போய்விடும். சில விளையாட்டுகள் குறிப்பிட்ட தடவைகளுக்கு மேல் திறக்காதபடியே அனுப்பப்பட்டன. மறதி என்பது இதில் விபத்தாக நேர்ந்ததில்லை, அமைப்பிலேயே இருந்தது. ஜப்பானின் தேசிய நூலகம் பெட்டியில் போட்டு விற்கிற விளையாட்டுகளையும் சட்டப்படி சேகரிக்கத் தொடங்கியது 2000 அக்டோபரில். ஒலிபரப்பு முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முன்னாலேயே தொடங்கியிருந்தாலும் பயனில்லை. பெட்டியில் வராத பொருளுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

ஆகவே வேலை ரசிகர்கள் தலையில் விழுந்தது. பழைய சாமான் கடைகளிலும் ஏலங்களிலும் வருகிற மெமரி பேக்குகளை, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல், வாங்க வேண்டும். பத்தில் ஒன்பதில் ஏற்கெனவே தெரிந்த சரக்குதான் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. புதிதாகப் பதிந்ததன் அடியில் பழையதன் துண்டுகள் அழியாமல் கிடக்கிற பேக்குகளும் உண்டு; அவற்றைச் சொரண்டி எடுத்து ஒட்டவைக்க வேண்டும். விலை ஏறியபோது ஜப்பானுக்கு வெளியே இருந்தவர்கள்கூடக் கூட்டாகப் பணம் போட்டு வாங்கினார்கள். வாங்கியதன் உள்ளடக்கத்தைப் பிரதியெடுத்து எல்லோருக்கும் பொதுவில் வைத்தார்கள். சொந்தமாகப் பூட்டிவைத்துக்கொண்டு பெருமைப்படுகிற சேகரிப்பாளர்களோடு அவர்களுக்கு ஓயாத சண்டை. இந்தச் சண்டை நமக்குப் புதிதில்லை. முந்நூறு பிரதி அச்சாகிற பத்திரிகைகளின் பழைய இதழ்களை யார் வீட்டுப் பரணில் தேடுவது என்று நமக்கும் தெரியும். கேட்டால் என்ன பதில் வரும் என்றும் தெரியும்.

மெமரி பேக்கில் குரல் இல்லை என்று சொன்னேன். குரல் வேறிடத்திலிருந்து வந்தது. அந்த நாட்களில் தாங்கள் ஆடியதை வீடியோ டேப்பில் பதிந்து வைத்த சிலர் இருந்தார்கள். அந்த டேப்களிலிருந்து கதையின் போக்கும் வசனங்களும் நிமிஷக் கணக்கும் திரும்பக் கிடைத்தன. பேக்கிலிருந்து கிடைத்த உடலையும் டேப்பிலிருந்து கிடைத்த குரலையும் சேர்த்து, ஒலிபரப்பு நிலையமே இல்லாமல் அந்த ஒரு மணிநேரத்தைக் கம்ப்யூட்டரில் மறுபடி ஓடவைத்தார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் சம்பளம் கொடுக்காத பதிப்பாசிரியர்கள் இவர்கள்.

பதிப்பாசிரியர்கள் என்று ஒப்புக்கொண்டால் அவர்களுடைய பாடத்தைப் பற்றியும் கேட்டாக வேண்டும். இங்கேதான் எனக்கு அவர்களோடு தகராறு. மூலக் குரல் ஜப்பானிய மொழியில், டேப்பின் இரைச்சலோடு இருக்கிறது என்று, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தாங்களே நடித்துப் பேசிய குரல்களைச் சேர்த்த பிரதிகள் உண்டு. இதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். இது மொழிபெயர்ப்பு, தன்னை மொழிபெயர்ப்பு என்று அறிவித்துக்கொள்கிற மொழிபெயர்ப்பு. ஆனால் கடிகாரத்தின் அவசரத்தைக் கழற்றிவிட்டு நிதானமாக ஆடும்படி மாற்றிய பிரதியும் இருக்கிறது. பெயர் வைத்துக்கொண்ட அந்த அநாமதேயச் சிறுவனை நீக்கிவிட்டு மறுபடி லிங்கைக் கொண்டுவந்து நிறுத்திய பிரதியும் இருக்கிறது. 'சரிசெய்த' பிரதி என்ற எண்ணத்தோடு இவை உலவுகின்றன. எதைச் சரிசெய்தார்கள்? படைப்பின் ஜீவன் எந்த இரண்டு விஷயங்களில் இருந்ததோ அந்த இரண்டையும் குறை என்று நினைத்திருக்கிறார்கள். கிடைத்த பாடத்தில் தனக்குப் பழக்கமில்லாத சொல்லைக் கண்டால் பழக்கமான சொல்லைப் போட்டு நிரப்புகிற ஏட்டுக்காரனின் காரியம் இது. ரசிகனின் பிரியம் இப்படித்தான் வேலைசெய்யும். தான் நேசிக்கிற ஒன்றைத் தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றாக ஆக்கிக்கொள்ளாமல் அதற்கு இருக்கமுடியாது. இதே ரசிகக் கூட்டத்தில் மூலத்தின் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல், குறைகளோடு அப்படியே வைத்திருக்கிற கண்டிப்பான ஆட்களும் இருக்கிறார்கள் என்பதால்தான் முந்தையவர்களின் பிரதியை இடைச்செருகல் என்று நம்மால் கண்டுபிடிக்கவாவது முடிகிறது.

எத்தனை கண்டிப்பான பிரதியானாலும் ஒன்று திரும்பாது. இப்போது அந்த மழை எனக்கு மட்டும் பெய்கிறது. நான் விரும்பினால் இரவு இரண்டு மணிக்குப் பெய்யும். கடிகாரம் ஓடுகிறது, ஆனால் அது என் கடிகாரம். இதை நஷ்டம் என்று பதிவுசெய்ய வேண்டும். ரசிகர்கள் தங்கள் உற்சாகத்தில் இதைப் பதிவுசெய்வதில்லை.

நேரெதிரான இன்னொரு உதாரணம், எனக்கு இதைவிட முக்கியமானது. ஸ்கொயர் கம்பெனி சாட்டலாவியூவுக்கென்று செய்தவற்றில் 'ராடிகல் ட்ரீமர்ஸ்' என்று ஒன்று, 1996-ல் ஒலிபரப்பானது. உபதலைப்பு: திருடமுடியாத ரத்தினம். இதில் கூடவே ஒலிக்கும் வானொலிக் குரல் இல்லை. ஏறக்குறைய முழுக்கவும் எழுத்து. இருட்டு மாளிகை ஒன்றில் மூன்று திருடர்கள் நுழைகிறார்கள்: செர்ஜ், கிட் என்ற பெண், மாகில் என்ற மர்ம மனிதன். மங்கலான சில பின்னணிப் படங்கள், மிட்ஸுடா யாசுனோரியின் இசை, காலடிச் சத்தம், கதவுச் சத்தம், பிறகு வாக்கியங்கள். எந்த வழி போவது என்று நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். எழுதி இயக்கியவர் கட்டோ மசாட்டோ. அவசரத்தில் செய்யப்பட்டது, கட்டோவுக்கு அதில் திருப்தி இல்லை. 1999-ல் அதன் கருவை எடுத்து 'க்ரோனோ க்ராஸ்' என்ற பெரிய விளையாட்டாக விரித்தார். பழையதை வேறொரு மறுவெளியீட்டில் சேர்க்கலாம் என்ற யோசனை வந்தபோது, தரம் போதாது என்று அவரே ஒதுக்கிவிட்டார் என்று சொல்கிறார்கள். ரசிகர்கள் கேட்கவில்லை. பேக்கிலிருந்து பிரதியெடுத்து, 2003-ல் ஆங்கிலத்திலும் கொண்டுவந்துவிட்டார்கள்.

எழுதியவன் மறக்க விரும்பியதை வாசகன் காப்பாற்றலாமா? நம்மில் பலருக்கு நடுக்கம் தருகிற கேள்விதான். தங்கள் முதல் தொகுப்பை எரித்துவிட ஆசைப்படுகிறவர்கள் நம் வட்டத்திலேயே நாலு பேராவது தேறுவார்கள். இந்த விஷயத்தில் ரசிகர்கள் பக்கம்தான் நான். வெளியிடுவதற்கு முன் கிழித்துப்போட கட்டோவுக்கு முழு உரிமை இருந்தது. வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்த பிறகு அதைவிட நல்லதாக ஒன்றை எழுத மட்டுமே உரிமை மிச்சம். எழுதினார். ஆனால் நல்லதாக எழுதினாரா? 'க்ரோனோ க்ராஸி'ல் நாற்பத்தைந்து பாத்திரங்கள் உங்களோடு சேரலாம்; கடலும் தீவுகளும் வண்ணமும் கண்ணைப் பறிக்கும். இதில் மூன்று பேர், ஒரு இரவு, ஒரு மாளிகை. கிட்டின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இருட்டில் அவள் பின்னால் போய்க்கொண்டிருக்கும் பயம் பெரிய விளையாட்டில் எங்கேயும் இல்லை. படங்களுக்கு நேரமில்லாததால் வாக்கியத்தின் மேல் பாரம் விழுந்தது, வாக்கியம் தாங்கியது. தன் படைப்பில் எது பலம் என்று கட்டோவுக்குத் தெரியவில்லை. படைப்பாளிக்கு இது தெரிந்தே தீரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆனால் அவர் தீர்ப்பை மட்டும் நம்பியிருந்தால் என் தீர்ப்புக்கு ஆதாரமே இருந்திருக்காது. தர்க்கம் செய்ய இரண்டு பிரதிகளும் வேண்டும்.

2022-ல் 'க்ரோனோ க்ராஸி'ன் புதுப்பதிப்போடு 'ராடிகல் ட்ரீமர்ஸை'யும் சேர்த்துக் கம்பெனியே வெளியிட்டது, ஆங்கிலத்திலும். அதை வேண்டும் என்று கேட்க ஒரு வாசகர் கூட்டம் இருந்ததே அந்த இருபது வருஷப் பிரதிகளால்தான். சாட்டலாவியூ செல்டாக்களை நின்டெண்டோ இதுவரை மறுபடி வெளியிடவில்லை. அதில் நியாயமான ஒரு சங்கடம்கூட இருக்கலாம்: எதை வெளியிடுவது? குரல் இல்லாத உடலையா, கடிகாரத்தோடா, கடிகாரம் இல்லாமலா? ரசிகர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில் செய்து பார்த்திருக்கிறார்கள். அவற்றில் எது எந்தக் கேள்விக்கான பதில், எந்த வரி பேக்கிலிருந்து, எந்த வரி டேப்பிலிருந்து, எது தாங்கள் சேர்த்தது என்று ஒவ்வொரு பிரதியின் தலையிலும் எழுதிவைத்துவிட்டால் என் தகராறு பெருமளவு தீர்ந்துவிடும்.

இன்னும் ஒரு பிரதிகூடக் கிடைக்காத ஒலிபரப்புகள் இருக்கின்றன. 1995-ல் பன்னிரண்டு வயதில் அந்த மழையைப் பார்த்த பையனுக்கு இன்று நாற்பதைத் தாண்டிவிட்டது. பேக்கும் டேப்பும் பெரும்பாலும் அவன் பெற்றோர் வீட்டு அலமாரியில், அட்டைப்பெட்டி ஒன்றில். அந்த வீட்டை யார் எப்போது காலிசெய்கிறார்கள், பெட்டியைப் பழைய சாமான்காரனிடம் போடுகிறார்களா, குப்பையில் போடுகிறார்களா என்று ரசிகர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.