எழுத்தாளனும் ஓய்வும்

எழுதுகின்றவன் இடையறாது எழுதிக்கொண்டேயிருத்தல் வேண்டும், ஓய்ந்தானாயின் அவன் எழுத்தாளனல்லன் என்பது நம்மவர் பலரிடத்தே வேரூன்றியிருக்கும் அபிப்பிராயம். ஒரு கதாசிரியர் ஈராண்டு கதை எழுதவில்லையென்றால், அவரிடம் சரக்குத் தீர்ந்துவிட்டதென்பர் ஒரு சாரார். கலைமகள் அருள் அவரை விட்டு நீங்கிற்றென்பர் மற்றொரு சாரார். சீர்திருத்த நோக்குடைய தோழர்களோ, சமூகத்தில் இத்தனை குறைகள் மலிந்திருக்க, எழுதத் தெரிந்தவன் கைகட்டியிருத்தல் கடமையினின்றும் வழுவுவதன்றோ என வினவுகின்றனர். முதலிரண்டு கூற்றுகளும் ஆராய்ச்சிக்குரியனவல்ல. மூன்றாவது வினா நேர்மையானது. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டத்து நண்பர்களுக்கு இதனை விளக்கப் பெருநூல் வேண்டுவதில்லை. தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறிவிட்ட இந்நாளிலும், பால்மரம் வெட்டிய பெற்றோரையோ பாட்டனாரையோ உடைய குடும்பங்கள் நம்மிடையே பல. ஒரே மரத்தை நாள்தோறும் வெட்டாது, ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் வழக்கம் எதற்காக? இழந்த பாலை மரம் மீண்டும் ஊறச் செய்துகொள்ள அவகாசம் வேண்டும் என்பதற்காகவே. ஆசை மிகுந்து அளவின்றி வெட்டப்பட்ட மரத்தில், உளி பட்டும் பால் கசியாத நோய் தோன்றுகிறது. அதற்கு முதற் சிகிச்சை வெட்டை நிறுத்துவதே. ஓய்வு விடப்பட்ட மரத்தைச் சோம்பேறி மரமென்று எந்தக் கங்காணியும் ஏசியதில்லை. மரத்துக்கு நாம் அளித்த இந்த நியாயத்தை மனிதனுக்கு மறுப்பானேன்?

உவமை மட்டும் போதாது. இலக்கியத்தினின்றே சான்று காட்டுவோம். ந. பிச்சமூர்த்தி 1934-ஆம் ஆண்டில் "மணிக்கொடி"யில் வெளியிட்ட "காதல்" என்னும் கவிதையால், யாப்பின் கட்டு நீங்கிய புதுக்கவிதைக்குத் தமிழில் வழி திறந்தவர். ஆயினும், பின்னர்ப் பத்தாண்டுக்கு மேல் அவர் கவிதைப் பக்கம் திரும்பவில்லை. கோயில் நிர்வாக அதிகாரியாக உத்தியோகம் பார்த்து வந்தார். 1959-ஆம் ஆண்டில் சி. சு. செல்லப்பா "எழுத்து" என்னும் ஏட்டைத் தொடங்கி, அதன் முதல் இதழில் பிச்சமூர்த்தியின் பழைய கவிதையாகிய "பெட்டிக்கடை நாரண"னை மறுபிரசுரம் செய்தார். இளைஞர் சிலர் அதனைப் படித்து எழுச்சியுற்றனர். கவிஞரும் மீண்டும் பாடலானார். "காட்டு வாத்து", "வழித்துணை" ஆகிய தொகுதிகள் அதன் பின்னரே வெளிவந்தன. இதனால் அறியப்படுவது யாது? எழுத்தாளனின் மௌனம் முழுதும் அவனுடையதன்று. கேட்பாரில்லாத இடத்தில் எவன் பாடுவான்? நல்ல ஏடும் நல்ல வாசகரும் தோன்றுமிடத்து உறங்கிய பேனாவும் விழிக்கும். ஆகவே, எழுதாதவரைப் பழிக்குமுன் படிக்காத நம்மையும் சற்றே வினவிக்கொள்ளுதல் தகும்.

மற்றொரு சான்று சுந்தர ராமசாமி. 1966-இல் "ஒரு புளியமரத்தின் கதை" நூலாக வந்து நற்பெயர் பெற்றது. பெயர் பெற்ற கையோடு அடுத்த நாவலை எழுதிக் குவிப்பதே உலக வழக்கம். அவரோ ஏறக்குறைய ஏழாண்டுக் காலம் எழுதாதிருந்தார். மீண்டு வந்தபோது அவருடைய நடையே மாறியிருந்தது. 1981-இல் வெளிவந்த "ஜே. ஜே: சில குறிப்புகள்", கற்பனையான ஒரு மலையாள எழுத்தாளனின் வாழ்வையும் நாட்குறிப்பையும் கொண்டு, எழுத்தாளன் தன் மனச்சாட்சிக்கு எவ்வளவு உண்மையாயிருக்கின்றான் என்று விசாரிப்பது. முன்னைய நாவலில் இருந்த ஊர்ப்பேச்சின் கலகலப்பும் கதைசொல்லும் எளிமையும் பின்னதில் குறைந்தன என்பதை மறைக்க வேண்டுவதில்லை. எனினும், பழைய நடையிலேயே தொடர்ந்திருப்பின் இந்நூல் பிறந்திராதென்பது எமது துணிபு. ஓய்வு அவர்க்கு அளித்தது தூக்கமன்று. தம் பழைய வெற்றியினின்றும் விடுதலை.

இதற்கு மறுப்பும் உண்டு. "பொன்னியின் செல்வ"னைக் கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதினாரே, அது நிலைக்கவில்லையா என்று கேட்கலாம். நிலைத்ததே! 1948-இல் நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்த புதுமைப்பித்தன் நெடிய ஓய்வு கொண்டிருந்தால், தமிழ் எத்துணை இழந்திருக்கும்! ஆதலின் ஓய்வு எல்லார்க்கும் பொதுவிதி அன்று. ஊறிக்கொண்டேயிருக்கும் ஊற்றை அடைப்பது அறியாமை. வற்றிய ஊற்றில் சேற்றை வாரி இறைத்து நீரென்று கொடுப்பதோ வாசகர்க்குச் செய்யும் வஞ்சனை.

இனித் தோழர்களின் வினாவுக்கு விடை கூறுவோம். எழுத்தாளன் ஓய்வதில் மூவகை உண்டு. சோம்பலால் ஓய்வது ஒன்று. உண்மையைக் கூற அஞ்சி ஓய்வது மற்றொன்று. கண்ணும் செவியும் மீண்டும் கூர்மை பெறும்பொருட்டு ஓய்வது பிறிதொன்று. முதலது குறை, இரண்டாவது குற்றம், மூன்றாவது உழைப்பேயாகும். இவற்றை எங்ஙனம் பிரித்தறிவதெனில், ஓய்ந்த காலத்தில் அவன் படித்தானா, மக்களோடு பழகினானா, தான் எழுதியதைத் தானே கண்டிக்கத் துணிந்தானா என்று பார்த்தால் விளங்கும். மனத்தில் ஒன்றும் ஊறாத நிலையில் வாரந்தோறும் எழுதப்படும் சீர்திருத்தக் கதையில், தொழிலாளி ஒரே விதமாக அழுவான்; முதலாளி ஒரே விதமாக உறுமுவான்; இறுதியில் ஒரே பிரசங்கம் நிகழும். படிப்பவர் கொட்டாவி விடுவர். சீர்திருத்தத்துக்கு இதனினும் பெரிய பகை வேறு வேண்டுமோ?

பகலெல்லாம் உழைத்து, இரவில் விளக்கடியில் எழுதும் இளைஞர் நம்மிடையே உளர். அவர்கட்கு நாம் கூறுவது இதுவே: பேனாவைக் கீழே வைக்க நாணாதீர்கள். ஆனால் வைத்த இடத்தை மறவாதீர்கள்!