வரிவரியாக ஒலி

ஒலியை ஆராயும் மென்பொருள்களில் பெரும்பாலானவை திரை நிறைய அலைக்கோடுகளையும் வண்ணப் பட்டைகளையும் விரிப்பவை. பார்வையற்ற இசைக்கலைஞருக்கு அவற்றால் பயனில்லை. திரைவாசிப்பானுக்கு வேண்டியது எழுத்து.

அந்த எழுத்தைத்தான் தருகின்றன கட்டளைவரிக் கருவிகள். பியானோப் பதிவு ஒன்றை 'ஆபியோநோட்ஸ்' கட்டளையிடம் கொடுத்தால் சுரத்துக்கு ஒரு வரியாக இறங்குகிறது: சுரத்தைக் குறிக்கும் மிடி எண், தொடங்கிய நொடி, முடிந்த நொடி. 69 என்றால் 440 ஹெர்ட்ஸ். என்விடிஏ என்னும் திரைவாசிப்பானின் குரல் அதைப் பட்டென்று சொல்லிவிடும். பிரெய்ல் காட்சிப்பலகை இருந்தால் அதே எண் சின்னஞ்சிறு முனைகளாக விரல்நுனியில் எழும். காதில் சுரம், விரலடியில் அதன் கணக்கு! தாழ்ந்த சுரத்தை இத்தகைய கருவிகள் சிலவேளை ஒரு ஸ்தாயி தள்ளிக் கணிப்பதுண்டு. பழகிய காது உடனே பிடித்துவிடும்.

'சாக்ஸ்' என்னும் இன்னொரு கட்டளைவரிக் கருவி இன்னும் அடக்கமானது. 'ஸ்டாட்' என்று கேட்டால் பதிவின் நீளம், உச்ச வீச்சு, சராசரி வலு எல்லாம் சில வரிகளில் வந்துவிடும். கடைசியாக ஓர் அருமையான எண்: ஒலி சிதையாமல் இன்னும் எத்தனை மடங்கு உயர்த்தலாம் என்பது. பொறுமையாகக் கேட்டுப் பழகியவர், அந்த எண்ணைக் கொண்டே யார் துணையுமின்றி அடுத்த கட்டளையைத் தட்டெழுதி அளவைச் சரிசெய்துவிடுகிறார்.